நூற்றைம்பதோ நூற்றெண்பதோ

இல்லைப் பிள்ளை, இந்தப் பையை மேலே வைக்கத் தேவையில்லை. மடியிலேயே இருக்கட்டும். பாரமில்லை. உள்ளே பயித்தம் பணியாரம் இருக்கிறது, வேறொரு சாமானும் இருக்கிறது. மேலே வைத்தால் இந்தக் குலுக்கலில் நொருங்கிப்போகும். நீ யன்னல் பக்கம் இரு. எனக்கு வெளியே பார்த்தால் தலை சுற்றும். பார்க்காமல் இருந்தால் டிரைவர் நித்திரை கொள்கிறானோ என்ற யோசனை வரும். முன்னம் ஒருதரம் அவன் தலை சரிந்ததைக் கண்டேன். நீயும் இடைக்கிடை பார்த்துக்கொள்.

மொன்றியலுக்குத்தானே? நானும் அங்கேதான். எங்களுடைய காரும் இதே றோட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறது. முன்னாலேயோ பின்னாலேயோ தெரியாது. பின் சீற்றில் ஒருவரும் இல்லை, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். ஆனாலும் நான் பஸ்ஸில் வருகிறேன். ஏனென்று கேள்.

நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். காரை ஓட்டுகிறவர் என்னுடைய மனுசன். பக்கத்தில் இருக்கிறவர் எங்களுடைய சம்பந்தி, குணநாயகம். அவருடைய மகன் நிரூபனுக்குத்தான் என்னுடைய மகள் சாம்பவியைக் கொடுக்கிறோம். நாளைக்கு மொன்றியலில் அவர்கள் வீட்டில் பொன்னுருக்கு. சம்பந்தி ஏதோ அலுவலாக ரொறன்ரோவுக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது இவரோடேயே போகிறார். விடிய எழும்பி தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினதிலிருந்து இரண்டு பேரும் ஒரே கதைதான் கதைக்கிறார்கள். அதை மொன்றியல் மட்டும் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

என்ன கதையோ? சன்னத்தின் பாரம்.

துவக்குச் சன்னம், பிள்ளை. வெடி. தூரத்தில் நிற்கிற மானைச் சுடுகிறதுக்கு நூற்றைம்பது கிரெய்ன் சன்னம் நல்லதோ, நூற்றெண்பது கிரெய்ன் சன்னம் நல்லதோ? கிரெய்ன் என்கிறது சன்னத்தை நிறுக்கிற சின்ன அளவு. இதுதான் கதை. இந்தக் கதையால் என்னுடைய பிள்ளையின் கலியாணம் நிற்கப் பார்த்தது.

எனக்கு இதுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதால் சொல்கிறேன். துவக்கு ஒன்றுதான், முந்நூற்றெட்டு என்று ஒரு அளவு. தோட்டாவின் பித்தளைக் கோதும் ஒன்றுதான். முன்னால் செருகியிருக்கிற சன்னம் இருக்கிறதே, அதுதான் பாரம் மாறும். பாரம் குறைந்தது விரைவாகப் போகும், நேராகப் போகும். பாரம் கூடினது ஆறுதலாகப் போகும், தூரம் போகப் போக இறங்கும். ஆனால் காற்று அதை இலேசில் தள்ளாது, பட்டால் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது? இவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்கக் கதைத்தார்கள்.

என்னுடைய மனுசன் கனகலிங்கம் ஒட்டுசுட்டான் பக்கம். அவருடைய தகப்பன் வயலுக்குள் வருகிற பன்றிகளை இடியன் துவக்கால் சுடுகிறவர். ஈயத்தைத் தானே உருக்கி, குண்டு பிடித்து, குழல் வாயால் மருந்து இடித்துச் சுடுகிற அந்தக் காலத்துத் துவக்கு. கனடாவுக்கு வந்து தொழிற்சாலையில் முதுகு முறிய வேலை செய்தவருக்கு, வயது போகிற நேரம் தகப்பனின் ஞாபகம் வந்துவிட்டது. வேட்டைக்காரருக்கு வைக்கிற சோதனை எடுத்தார். புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது நான். மானின் நுரையீரல் எங்கே இருக்கிறது என்று இப்பவும் எனக்குத் தெரியும். வேண்டாத அறிவு.

அவருக்கு நூற்றெண்பது. பாரமில்லாத சன்னத்தை அவர் சன்னமென்றே சொல்லமாட்டார்.

சம்பந்தி சாவகச்சேரி. ஊரில் இருந்த காலத்தில் கெற்றப்போலால் அணில் அடித்திருந்தாலே பெரிய காரியம். எல்லாம் இங்கே வந்து வீடியோ பார்த்துப் பழகினது. போனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். காற்று எவ்வளவு, குளிர் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று போட்டால் சன்னம் எங்கே போய் விழும் என்று அது சொல்லுமாம். மான் அந்தக் கணக்கு முடியும் மட்டும் நிற்குமோ என்று நான் கேட்டேன். சிரித்தார். நல்ல மனுசன், குறை சொல்லக்கூடாது. அவருக்கு நூற்றைம்பது.

பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பழகினவர்கள். மாப்பிள்ளையின் தகப்பனும் வேட்டைக்காரன் என்று கேள்விப்பட்டவுடன் இவருக்கு நிலத்தில் கால் படவில்லை. சாதகத்தை ஐயர் பார்க்க முதலே, "நல்ல இடம் மலர், நல்ல இடம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போய் வந்தார்கள். எங்கள் பேஸ்மென்றில் இவர் தோட்டா அடைக்கிற மெசின் வைத்திருக்கிறார். கோதுக்குள் மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தைச் செருகி, தனக்கு ஒரு பெட்டி, சம்பந்திக்கு ஒரு பெட்டி. இரண்டும் ஒரே நீலப் பெட்டி. மூடியில் மட்டும் ஒன்றுக்கு 180, மற்றதுக்கு 150 என்று ரேப்பில் எழுதி ஒட்டியிருப்பார். அப்படி ஒற்றுமை.

டிரைவர் இப்ப நல்லாய் முழித்திருக்கிறான், பார்த்தேன். இந்தா, ஒரு பணியாரம் எடு. கையைத் துடைக்கக் கடுதாசி தருகிறேன்.

கலியாண நாள் குறிக்க அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தி, அவருடைய மனுசி லீலாவதி, நிரூபன். நான் விடிய எழும்பி கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி, இவர் சுட்ட மான் இறைச்சியில் ஒரு பிரட்டல். எல்லாம் நல்லபடி போனது. சம்பந்தி இறைச்சியை வாயில் போட்டுச் சப்பினார். பிறகு நிறுத்தினார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு ஒரு துண்டு எலும்பை எடுத்து, சோற்றுக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். சின்னத் துண்டு, பிள்ளை. அரிசி அளவுதான்.

"அண்ணை, உங்கடை பெரிய சன்னம் எலும்பைத் தூளாக்கிக் கறிக்குள்ளை போட்டிட்டுது" என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அது என்னுடைய கறி. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "உன்ரை சன்னத்தாலை சுட்டிருந்தால் கறியே இருந்திராது தம்பி. மானுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினது போலை இருந்திருக்கும்" என்றார்.

"உங்கடை சன்னம் மானட்டைப் போய்ச் சேர முதல், அது புல்லுத் திண்டு முடிச்சு, தண்ணியும் குடிச்சிட்டுப் படுத்திடும் அண்ணை."

நிரூபன் சிரித்தான். சாம்பவி மேசைக்குக் கீழே அவனுடைய காலில் உதைத்தாள். லீலாவதி, "காணும் காணும், பாயாசத்தைக் குடியுங்கோ" என்றாள். நானும் சொன்னேன், "இஞ்சாருங்கோ, பாரத்திலை என்ன இருக்கு? ஒரு விரல்நுனி ஈயம். அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

பாரத்தில் என்ன இருக்கு என்றதும் இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்திருக்கவேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் அன்றைக்கு ஒற்றுமையாக இருந்தார்கள்.

பிறகு சம்பந்தி அந்த வார்த்தையை விட்டார். "அண்ணை, உங்கடை அப்பர் வரம்பிலை குந்தியிருந்து பத்து யார் தூரத்திலை பண்டி சுட்டவர். அந்தக் கணக்கு இஞ்சை முந்நூறு மீற்றருக்குச் சரிவராது."

இவருடைய கை கோப்பையில் நின்றுவிட்டது. அதுவரைக்கும் தம்பி, தம்பி என்றவர், "குணநாயகம், என்ரை அப்பரைக் கதைக்க வேண்டாம்" என்றார்.

"நான் அப்பரைக் கதைக்கேல்லை. அவற்றை ஈயத்தைத்தான் கதைச்சனான்."

அவ்வளவுதான். கை கழுவாமல் எழும்பினார். "இனி உன்ரை வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்" என்றார். கோபித்துக்கொண்டு எழும்பினவர் வெளியே போகவேண்டுமே. இது அவருடைய சொந்த வீடு, எங்கே போகிறது? பேஸ்மென்றுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சம்பந்தியும் பாயாசக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் இஞ்சை நனைக்கமாட்டன்" என்றார். ஏற்கெனவே இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்த மனுசன்.

சின்னப்பிள்ளைகள் கூட இப்படிச் செய்யாது. கறியில் ஒரு எலும்பு, அதற்காகக் கை நனைக்கமாட்டாராம்.

அன்றைக்குக் குசினிக்குள் லீலாவதி என்னோடு இன்னொரு கதையும் கதைத்தாள். தாலிக்கொடியைப் பற்றி. அது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன், இதோடு சேர்க்கக்கூடாது.

நீ எங்கள் ஆட்களின் கலியாணம் பார்த்திருப்பாய். பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். பெண்ணின் தகப்பன் அங்கே போய், தாலிக்குப் பொன் உருகுகிறதைப் பார்த்து, அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். இவர் அங்கே கை நனைக்கமாட்டார் என்றால் பொன்னுருக்கு இல்லை. பொன்னுருக்கு இல்லையென்றால் தாலி இல்லை. மண்டபம் எடுத்தாயிற்று, மணவறைக்காரனுக்குச் சொல்லியாயிற்று. இரண்டு தகப்பன்மாரும் போன் எடுக்கிறதில்லை. மகள் வந்து சொன்னாள், "அம்மா, இவை ரெண்டு பேரும் இப்பிடியே நிண்டால், நானும் நிரூபனும் நகரசபையிலை போய்க் கையெழுத்து வைச்சிட்டு வாறம். எங்களுக்கு அது காணும்."

எனக்கு அவள் ஒற்றைப் பிள்ளை. கையெழுத்து வைத்துவிட்டுப் பிட்சா சாப்பிட்டுக்கொண்டு வருவாள். அதை நான் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அந்த நேரம் எனக்கு இரத்த அழுத்தம் கூடி, குளிசையை மாற்றித் தந்தார்கள். இந்தப் பையில்தான் அந்தக் குளிசையும் இருக்கிறது.

கடைசியில் நிரூபன்தான் ஒரு வழி சொன்னான். எங்கள் பக்கத்துத் துவக்குக் கிளப்பில் முந்நூறு மீற்றரில் ஒரு இரும்புத் தட்டுத் தொங்குகிறது. சாப்பாட்டுக் கோப்பை அளவு. ஆளுக்கு மூன்று வெடி. கூடப் பட்டவருடைய சன்னம் சரி. தோற்றவர் எல்லாருக்கும் முன்னால் பிழையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் உடனே ஓமென்றார்கள். எல்லாருக்கும் சந்தோசம்.

எனக்குத்தான் நித்திரையில்லை. நீயே சொல்லு. இந்த இரண்டு பேரில் தோற்றவர் மணவறைக்கு வருவாரோ? வென்றவர் ஆயுள் உள்ளமட்டும் வாயை மூடுவாரோ? என்னுடைய பிள்ளை ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்தக் கதையைக் கேட்கவேண்டும். ஒருத்தரும் வெல்லக்கூடாது. அதுதான் வழி. ஆனால் இரண்டு பேரும் நல்லாய்ச் சுடுகிறவர்கள். எப்படி வெல்லாமல் பண்ணுகிறது?

எனக்கு இதுகள் தெரியாது என்று சொன்னேனே. ஆனால் இவர் ஒரு விசயம் எப்பவும் சொல்லுவார். துவக்கின் மேலே பூட்டியிருக்கிற தூரக்கண்ணாடியை எந்தப் பாரத்துக்குச் சரிப்படுத்தினோமோ, அந்தப் பாரத்துக்குத்தான் அது சரி. வேறு பாரம் போட்டால் கிட்டத்தில் வித்தியாசம் பெரிதாய்த் தெரியாது, தூரத்தில் சாண் கணக்கில் மாறும். நூற்றெண்பதுக்குச் சரிப்படுத்தினதில் நூற்றைம்பதைப் போட்டால் மேலே போகும். மறுவளமாய்ப் போட்டால் கீழே போகும். கறி நறுக்கிக்கொண்டு ஓம், ஓம் என்று கேட்டது. நல்லவேளை கேட்டேன்.

துவக்குப் பெட்டியின் திறப்பு எப்பவும் இவருடைய இடுப்பில். தோட்டா அலுமாரியின் திறப்பு சாமித்தட்டில், வைரவர் படத்துக்குப் பின்னால். வைரவரைக் கும்பிட்டுவிட்டு எடுத்தேன். அவர் காவல் தெய்வம், குடும்பத்தைக் காக்கத்தானே எடுக்கிறேன். இரண்டு நீலப் பெட்டி, சம்பந்திக்கு அடைத்ததும் அங்கேயே கிடந்தது. இரண்டு மூடி. மூடியை மாற்றிப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன், வேறொன்றும் தொடவில்லை. வெடித்துக் கிடித்துப் போகுமோ என்ற பயம் எனக்கும் வந்தது. ஆனால் இரண்டு பேருடையதும் ஒரே அளவுத் துவக்கு, எல்லாம் இவர் கையால் அடைத்த தோட்டா, சினேகிதமாய் இருந்த காலத்தில் மாறி மாறிச் சுட்டும் பார்த்தவர்கள்.

சன்னத்தின் நுனியை உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதனால் இவருடைய வாசிக்கிற கண்ணாடி தற்செயலாக என்னுடைய கைப்பைக்குள் விழுந்துவிட்டது. சம்பந்திக்குக் கண்ணாடி தேவை, ஆனால் போடமாட்டார். தலைமயிருக்குக் கறுப்படிக்கிற மனுசன் கண்ணாடி போடுமோ?

போட்டி நாள் நானும் போனேன். ஏன் வருகிறாய் என்று இவர் கேட்டார். "ரெண்டு பேரும் பசியோடை நிண்டு சண்டை பிடிக்கவோ? இடியப்பம் கொண்டு வாறன்" என்றேன். காதுக்கு மூடி தந்தார்கள், பெரிய பனங்காய் மாதிரி. லீலாவதியும் மொன்றியலிலிருந்து வந்திருந்தாள். நிரூபன் பெட்டிகளை வாங்கி, மூடியைப் பார்த்து, 180 என்று இருந்ததை இவருக்குக் கொடுத்தான். 150 என்று இருந்தது சம்பந்திக்கு. நான் வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இவர் முதலில் படுத்தார். வயிறு இடித்தது, கொஞ்சம் அரக்கினார். சுட்டார். தட்டு ஆடவில்லை. பின்னால் இருந்த மண்மேட்டில், தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் புழுதி எழும்பினது. இரண்டாவது. அதே இடத்தில் புழுதி. மூன்றாவதும் அதே இடம். மூன்றும் ஒரு துவாரத்துக்குள் போனது போல. அவ்வளவு நல்ல குறி, பிள்ளை. எனக்கே பெருமையாய் இருந்தது.

சம்பந்தி மெல்லச் சிரித்துக்கொண்டு போய்ப் படுத்தார். போனை எடுத்துக் கணக்குப் போட்டார். சுட்டார். தட்டுக்குக் கீழே புழுதி. போனை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார். திரும்பவும் கீழே. மூன்றாவது வெடிக்கு முதல் அவர் போனைத் துடைத்ததை நான் கண்டேன். அதுவும் கீழே.

காது மூடிகளைக் கழற்றினோம். லீலாவதி என்னைப் பார்த்தாள். நான் இடியப்பப் பெட்டியைத் திறக்கிற பாவனையில் குனிந்தேன்.

இவர் வானத்தைப் பார்த்தார். அங்கே கொடியில் ஒரு துணி கட்டியிருக்கும், காற்றுப் பார்க்க. அது செத்த பாம்பு மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றது.

"காத்து" என்றார்.

சம்பந்தியும் அந்தத் துணியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் அண்ணை, பொல்லாத காத்து" என்றார்.

"அங்காலை மேட்டடியிலை சுழலுது போலை, தம்பி."

"சுழலுது அண்ணை. இஞ்சை தெரியாது. அங்காலைதான்."

தம்பி என்றாரே, அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. மரமேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் கையை விட்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்கள். கை நனைத்தாயிற்று. அவர்கள் சாப்பிடுகிற நேரம் நான் மூடி இரண்டையும் பழையபடி மாற்றிப் போட்டேன், கண்ணாடியையும் இவருடைய சட்டைப் பையில் போட்டேன். "கண்ணாடி பொக்கெற்றுக்குள்ளையே கிடந்திருக்கு. வயது போகுது உங்களுக்கு" என்றேன். ஓமென்று தலையாட்டினார். பாவம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இப்போது காரில் படுத்துக்கொண்டு போவேன்.

இரண்டு கிழமை கழிய பேஸ்மென்றைக் கூட்டப் போனேன். மேசையில் புதுப் பெட்டி. எடுத்துப் பார்த்தால், நூற்றைம்பது கிரெய்ன் சன்னம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். இரவு சாப்பிடும்போது அவரே தொடங்கினார். "மலர், யோசிச்சுப் பாத்தால் பாரத்திலை பெரிசா ஒண்டுமில்லை. வேகம்தான் முக்கியம். நான் ஆதியிலை இருந்து சொல்லுறது அதுதானே."

ஆதியிலிருந்தாம்.

அடுத்த நாள் நிரூபன் மகளுக்குச் சொல்லி, மகள் எனக்குச் சொன்னாள். சம்பந்தி நூற்றெண்பது வாங்கியிருக்கிறாராம். பாரமில்லாத சன்னத்தைக் காற்று கொண்டுபோய்விடும் என்று வீட்டில் எல்லாருக்கும் விளங்கப்படுத்துகிறாராம். அன்றைக்குக் காற்று பொல்லாததுதானே. சத்தியமாய், அந்தத் துணி ஆடவே இல்லை.

இப்ப சண்டையில்லை. சண்டை பிடித்தால் யாரார் என்ன சொன்னவர்கள் என்று பழையதைக் கிண்டவேண்டி வரும், அதனால் மரியாதையாகக் கதைக்கிறார்கள். "அண்ணை, உங்கடை அப்பர் பாவிச்ச பாரமான ஈயத்திலை ஒரு நியாயம் இருக்குத்தான்" என்கிறார் இவர். "அது கிட்டத்துக்குத் தம்பி, தூரத்துக்கு உம்மடை கணக்குத்தான் சரி" என்கிறார் அவர். பார், எனக்கே மாறிப்போச்சு. அண்ணை என்கிறவர் சம்பந்தி, தம்பி என்கிறவர் இவர். இதைக் கேட்டுக்கொண்டு எப்படி மொன்றியல் மட்டும் போகிறது?

பொறு, போன் அடிக்கிறது. இவர்தான்.

"ஓம், சொல்லுங்கோ... ஓம், பஸ் நல்லாத்தான் போகுது, டிரைவர்தான் கொஞ்சம்... என்ன? எந்தத் தராசு? சின்னத் தராசோ, மருந்து நிறுக்கிறதோ? இல்லையப்பா, நான் காணேல்லை. பேஸ்மென்றிலைதான் கிடக்கும். சம்பந்தியின்ரை புதுச் சன்னத்தை நிறுக்கவோ? கோப்பிக் கடையிலை வைச்சோ சன்னம் நிறுக்கப் போறியள்? வடிவாயிருக்கும். பொலிஸ் வரும். வையுங்கோ போனை."

பார்த்தாயா, கோப்பிக் கடையில்.

ஏன் பிள்ளை என்னுடைய பையைப் பார்க்கிறாய்? சரி. படித்த பிள்ளை, விளங்கிவிட்டது. ஓம், தராசு இதற்குள்தான் இருக்கிறது. பணியாரப் பெட்டிக்குக் கீழே, துவாயில் சுற்றி வைத்திருக்கிறேன். இவர்களுடைய காரில் வந்திருந்தால் இதை எங்கே ஒளிக்கிறது?

இப்ப அந்த மற்றக் கதையைச் சொல்கிறேன். தாலிக்கொடி. எங்கள் ஆட்கள் கொடியை ஒற்றைப்படையில்தான் செய்வார்கள். ஒன்பது பவுண், பதினொன்று, பதின்மூன்று, அப்படி. மாப்பிள்ளை வீட்டார் போடுகிறது. அன்றைக்குக் குசினிக்குள் லீலாவதி பதினொன்று என்றாள். என்னுடைய தங்கச்சியின் மகளுக்குப் பதின்மூன்றில் போட்டவர்கள். அந்தப் பிள்ளை எங்கள் சாம்பவியின் நிறத்துக்கும் படிப்புக்கும் கிட்டவும் வராது. நான் ஒன்றும் பெரிதாய்ச் சொல்லவில்லை. "பதினொண்டோ?" என்று மட்டும் கேட்டேன். அவள் முகம் மாறினது. பிறகு போனில் ஒருநாள் தானாகவே, "பதின்மூண்டுதான் அக்கா, சொன்னால் சொன்னதுதான்" என்றாள்.

போன மாதம் வெல்வெற் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். வடிவான கொடி, பொய் சொல்லக்கூடாது. கையில் தூக்கிப் பார்த்தேன். பிள்ளை, இந்தக் கை தங்கச்சியின் மகளுடைய கொடியையும் தூக்கின கை. அது கையை இழுத்தது. இது இழுக்கவில்லை. "லீலாவதி, பதின்மூண்டுதானே?" என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "பாரத்திலை என்ன அக்கா இருக்கு, பிள்ளையள் சந்தோசமா இருந்தால் காணாதோ."

பாரத்தில் என்ன இருக்காம். கேட்டாயா கதையை? ஒரு தாயிடம் வந்து கேட்கிற கேள்வியோ அது?

அதனால்தான் இந்தத் தராசு. நாளைக்குக் கொடியைச் சாமியறையில் தட்டத்தில் வைப்பார்கள். பொன் உருக்கி முடிய எல்லாரும் சாப்பிடப் போவார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு தாய் கும்பிட்டால் யார் என்ன சொல்லுகிறது? ஒரு நிமிட வேலை. ஒரேயொரு சிக்கல். இந்தத் தராசு பவுண் காட்டாது, கிரெய்ன்தான் காட்டும். நான் வேறு எதையாவது அமத்தினால் பழுதாகிப்போகும். உன்னுடைய போனை எடு. ஒரு பவுணுக்கு எத்தனை கிரெய்ன் என்று பார்.

நூற்று இருபத்துமூன்றோ? சொச்சமும் இருக்கோ, இருக்கட்டும். அப்படியென்றால் பதினொன்றுக்கு எவ்வளவு? ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்குக் கிட்ட. பதின்மூன்றுக்கு? ஆயிரத்தறுநூறு. நல்லது. இந்தத் தராசு ஆயிரத்தைந்நூறுக்கு மேலே நிறுக்காது, கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். இவர் அப்படித்தான் சொன்னவர். அப்ப இலேசு. கத்தினால் பதின்மூன்று. இலக்கம் காட்டினால் பதினொன்று.

காட்டினால் என்ன செய்வேனோ? என்ன செய்கிறது. நான் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. ஒரு சொல் கதைக்கமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் கை நனைக்கமாட்டேன். லீலாவதி இலை போட்டுக்கொண்டு நிற்கட்டும், நான் வெளியே வந்து காருக்குள் இருப்பேன். கேட்டால் சொல்லுவேன்.

என்ன பிள்ளை, ஏன் அப்படிப் பார்க்கிறாய்? அவர்களுடைய கதையும் என்னுடைய கதையும் ஒன்றென்று நினைத்துவிட்டாயோ? நல்லாய் யோசி. அது ஈயம். இது பவுண்.

அந்தக் கணக்கை இன்னொருக்கால் போட்டுப் பார். சொச்சத்தையும் சேர்த்து.